திருத்தலாம், சுரண்டக் கூடாது

கார் ஓட்டத் தெரியாத ஒருவன் காரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்க நினைப்பவர்கள் முதலிலேயே சிரித்துவிடுங்கள். முப்பத்தைந்து வருடம் அலுவலகத்துக்கு சைக்கிளிலும், பிறகு மொபெட்டிலும் போய் வந்தவன் நான். ஸ்டியரிங்கைப் பிடித்ததே இல்லை. ஆனாலும் ஒரு காரைப் பற்றி எனக்குத் திடமான கருத்து ஒன்று உண்டு. அதற்கு வந்து சேர நான் செய்த ஒரு தவறும் உண்டு.

போன வாரம் பிரான்சிலிருந்து அண்ணன் மகன் பேசினான். நலம் விசாரித்து முடித்ததும் கேட்டான்.

"சித்தப்பா, அப்பா வண்டியோட எஞ்ஜினை எடுத்துட்டு பேட்டரி மோட்டார் வெச்சிடலாம்னு பாக்குறேன். இங்க இப்ப அதுக்குச் சட்டம் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பையன் இதே வண்டியைப் பற்றி வேறொரு கேள்வி கேட்டான். அப்போது யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். அதனால் இந்த முறை, "ரெண்டு நாள் டைம் குடுப்பா" என்றேன். அந்த இரண்டு நாளில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. அது டாட்சன் 240 இசட். ஜப்பானில் நிஸ்ஸான் கம்பெனி 1969 அக்டோபரில் அறிமுகப்படுத்திய இரண்டு பேர் உட்காரும் கார். உள்நாட்டில் அதற்கு 'ஃபேர்லேடி இசட்' என்று பெயர். அமெரிக்காவில் கம்பெனியின் தலைவராக இருந்த யுடாகா கதயாமா, இந்தப் பெயரில் விளையாட்டுக் கார் விற்க முடியாது என்று அதை எடுத்துவிட்டு 240 இசட் என்று மாற்றினார். 240 என்றால் 2.4 லிட்டர் எஞ்ஜின். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும். இரண்டு கார்புரேட்டர். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அமெரிக்காவில் ஆரம்ப விலை 3,526 டாலர். ஐரோப்பாவின் விளையாட்டுக் கார்களை ஆசையோடு பார்த்துவிட்டு விலையைக் கேட்டுத் திரும்பியவர்கள் இதை வாங்கினார்கள். 1978 வரை, அடுத்து வந்த 260, 280 மாடல்களையும் சேர்த்தால், ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நம்மூரில் 1962-ல் 'நீ பிரெஞ்சுக்காரனா, இந்தியனா' என்று ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி வந்தபோது அவர் சொல்தாவாகப் போய்விட்டார். நான் அம்மாவோடு இங்கேயே தங்கினேன். ராணுவத்தில் அவருக்கு வண்டிப் பட்டறையில் வேலை. வெளியே வந்த பிறகும் கையில் ஸ்பேனர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பாரிஸுக்கு வடக்கே ஒரு சிற்றூரில் வீடு. 1978-ல் ஐந்து வருடம் ஓடிய ஒரு 240 இசட்டை வாங்கினார். அண்ணி ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லையாம். குழந்தை பிறந்திருக்கும் நேரத்தில் பின்சீட்டே இல்லாத காரை யார் வாங்குவார்கள்?

ஏன் அந்த வண்டி என்று நானும் கேட்டேன். 1973-ல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயத்தில் ஒரு 240 இசட் ஜெயித்தது. ஓட்டியவர் சேகர் மேத்தா. உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். அதற்கு முந்தைய வருடம்தான் இதி அமீன் அங்கிருந்த ஆசியர்களைத் துரத்தியிருந்தார். இன்னொரு டாட்சன் ஓட்டிய சுவீடன்காரரும் மேத்தாவும் சரிசமமான புள்ளிகளில் நின்று, கடைசியில் விதிப்படி மேத்தாவுக்கு வெற்றி போனது. "ஊரை விட்டு வந்தவன் ஒருத்தன் ஜெயிச்ச வண்டிடா" என்றார் அண்ணன். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

1986-ல் அவர் டிக்கெட் அனுப்ப, முதல் முறையாக அங்கே போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் பூசைக்குக் கிளம்பும் முன் அவர் வண்டிக்கு ஒரு பூசை நடத்துவார். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்பார். பிறகு அடுத்த கார்புரேட்டரில் வைத்துக் கேட்பார். இரண்டும் ஒரே சுருதியில் சீறும் வரை திருகைத் திருப்புவார். "நீயும் கேளு" என்று குழாயைக் கொடுப்பார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். அவர் தலையை ஆட்டி மறுபடி திருப்புவார்.

ஒரு நோட்டும் வைத்திருந்தார். சதுரக் கட்டம் போட்ட பிரெஞ்சு பள்ளிக்கூட நோட்டு. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவு. வால்வு இடைவெளி, எஞ்ஜின் ஆறியிருக்கும்போது, உள்ளிழுக்கும் பக்கம் 0.20 மில்லிமீட்டர், வெளியேற்றும் பக்கம் 0.25 என்று முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டிருப்பார். அதைத் தவிர இன்னொரு பதிவும் உண்டு. டேஷ்போர்டில் சாமான் வைக்கும் சிறு பெட்டியின் உட்புறம் அந்தக் காலத்தில் அட்டையால் செய்தது. ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் அந்த அட்டையில் பென்சிலால் கிலோமீட்டரை எழுதுவார். பட்டறையில் நிற்கும்போது நோட்டைத் தேட வேண்டாமே என்று. ஒன்றின் கீழ் ஒன்றாக அந்த எண்கள் வரிசையாக நின்றன.

அண்ணன் 2011-ல் தவறினார். வண்டி கராஜில் போர்வைக்குள் நின்றது. 2013-ல் நான் போனபோது அண்ணன் மகன் போர்வையை எடுத்துக் காட்டினான். பேட்டரி வைக்கும் தட்டு அமிலம் பட்டு அரித்திருந்தது. தரைத் தகட்டில் விரல் போகும் ஓட்டை. பின்சக்கர வளைவிலும் கதவுக்குக் கீழேயும் துரு. குளிர்காலத்தில் பனி உருக சாலையில் உப்புத் தூவும் நாடு அது. அந்தக் காலத்து மெல்லிய தகடு எந்த நாட்டு வண்டியானாலும் அந்த உப்புக்குத் தாக்குப்பிடிக்காது. டேஷ்போர்டு வெயிலில் காய்ந்து மூன்று இடத்தில் வெடித்திருந்தது.

"சித்தப்பா, பழசு மாதிரியே ரிப்பேர் பண்ணி வைக்கலாமா, இல்ல முழுசா புதுசாக்கிடலாமா?" என்று கேட்டான்.

"செய்யறதை ஒரே தடவையா செஞ்சிடு. புத்தம் புதுசா இருக்கணும். அப்பாவுக்கு அதான் மரியாதை" என்றேன். சொன்னவன் நான்தான்.

ஒரு பட்டறையில் விட்டான். இரண்டு வருடம் ஆனது. செலவு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. 2016-ல் மறுபடி போனபோது பார்த்தேன். கண்ணாடி மாதிரி பெயிண்ட். வெடிப்பில்லாத டேஷ்போர்டு. துருவின் அடையாளமே இல்லை. உண்மையிலேயே அழகாக இருந்தது. உள்ளே உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் அந்தச் சிறு பெட்டியைத் திறந்தேன். உள்ளே புதிய கறுப்பு பிளாஸ்டிக். கையால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. "பழைய அட்டை எங்கேப்பா?" என்று கேட்டேன். "அது நமத்துப் போயிருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டாங்க" என்றான்.

பட்டறைக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. புதிதாக்கச் சொன்னோம், அவர் புதிதாக்கினார். தவறு உத்தரவில் இருந்தது. அந்த உத்தரவு என் வாயிலிருந்து வந்தது.

இதில் வெட்கம் என்னவென்றால், உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் என் வேலையே அதுதானே. பிரெஞ்சு படித்தவன் என்பதால் பழைய நொத்தேர் பத்திரங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அந்தப் பத்திரங்களில் ஒரு சொல் தவறாக விழுந்தால் அதைச் சுரண்ட மாட்டார்கள். மேலே ஒரு கோடு போடுவார்கள். அடித்த சொல்லைப் பிறகும் படிக்க முடிய வேண்டும். ஓரத்தில் 'இத்தனை சொற்கள் அடிக்கப்பட்டன, அவை செல்லாது' என்று எழுதி, சம்பந்தப்பட்டவர்கள் சுருக்கொப்பம் போடுவார்கள். நம் அரசு அலுவலகத்து சர்வீஸ் புத்தகத்துக்கும் அதே விதிதான். பிளேடால் சுரண்டிய பக்கத்தை எந்த அதிகாரியும் நம்ப மாட்டார். தவறைவிடச் சுரண்டல்தான் பெரிய குற்றம். ஏனென்றால் தவறு எங்கே இருந்தது என்பதே அதற்குப் பிறகு தெரியாது.

பழைய வண்டியைச் சீராக்குவதற்கும் இதே விதி பொருந்தும் என்பதுதான் என் கருத்து. திருத்தலாம். சுரண்டக் கூடாது.

இது ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தாவின் பிடிவாதம் மட்டும் அல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு 'ட்யூரின் சாசனம்' என்று ஒன்றை வைத்திருக்கிறது. முதலில் காப்பாற்று, முடியாதபோது சீராக்கு, புதிதாகச் சேர்த்த பாகத்தில் பின்னால் வருகிறவருக்குத் தெரியும்படி அடையாளம் இடு, வண்டியை ஓட்டிக்கொண்டே இரு என்பதுதான் அதன் சாரம். பிரான்சில் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 'கொலெக்ஸியோன்' என்று தனிப் பதிவு உண்டு. மற்ற கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் தொழில்நுட்பப் பரிசோதனை இவற்றுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான். அந்தச் சலுகைக்கு அடிப்படை, முக்கிய பாகங்கள் பழைய தன்மையில் இருக்க வேண்டும் என்பது. நம் நாட்டிலும் 2021-ல் விதி வந்திருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 'வின்டேஜ்' என்று தனி எண், இருபதாயிரம் ரூபாய் கட்டணம், பத்து வருடத்துக்குச் செல்லும்.

எதிர்த்துப் பேச இடம் உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

ஜப்பானிலேயே இசே என்ற ஊரின் பெரிய கோயிலை இருபது வருடத்துக்கு ஒருமுறை முழுவதுமாகப் புதிய மரத்தில் கட்டுகிறார்கள். கடைசியாக 2013-ல் கட்டினார்கள். அதற்காக அது பழைய கோயில் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒரு நண்பர் இதைச் சொல்லி என்னை மடக்கினார். யோசித்துப் பார்த்தேன். அங்கே மரம் மாறுகிறது. ஆனால் தச்சன் கையிலிருந்து அடுத்த தச்சன் கைக்கு வேலை போகிறது. காப்பாற்றப்படுவது அந்தக் கைவேலை. அண்ணன் மகனும் அப்படிச் செய்திருந்தால், அதாவது அப்பாவின் நோட்டைப் பார்த்துத் தானே வால்வு இடைவெளி வைக்கக் கற்றிருந்தால், அட்டை போனதற்கு நான் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். எங்கள் விஷயத்தில் பொருளும் போனது, கையும் வரவில்லை.

இன்னொரு வாதம், உதிரிபாகம் கிடைக்காது என்பது. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. மாஸ்டா கம்பெனி 1989-ல் வந்த தன் முதல் ரோட்ஸ்டரைத் தானே சீராக்கித் தரும் வேலையை 2017-ல் ஜப்பானில் தொடங்கி, நிறுத்திய பாகங்கள் சிலவற்றை மறுபடி செய்தது. அதே வருடம் நிஸ்ஸான் தன் ஸ்கைலைன் ஜி.டி.ஆருக்குப் பழைய பாகங்களை மீண்டும் தரத் தொடங்கியது. டொயோட்டா 1967-ல் வெளியிட்ட 2000 ஜி.டி. என்ற கார் மொத்தமே சுமார் முந்நூற்றைம்பதுதான் செய்யப்பட்டது. அதற்குக்கூட 2020-ல் கியர் பெட்டியின் பாகங்களை மறுபடி செய்ய முன்வந்தார்கள். 240 இசட்டை 1990-களின் பிற்பகுதியில் நிஸ்ஸானின் அமெரிக்கக் கிளையே பழையதாக வாங்கிச் சீராக்கி, சுமார் இருபத்தைந்தாயிரம் டாலருக்கு விற்றது. செய்தவனே தன் பழைய வேலையை மதிக்கத் தொடங்கியிருக்கும்போது, நாம் எஞ்ஜினைக் கழற்றி ஓரத்தில் போடுவானேன்?

சுற்றுச்சூழல் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றாடம் வேலைக்குப் போகிற காரைப் பேட்டரிக்கு மாற்றுவது நல்லதுதான். பிரான்சில் 2020 முதல் பழைய பெட்ரோல் காரை மின்சாரத்துக்கு மாற்றச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத ஒரு வண்டியின் புகையை நிறுத்தி நாம் உலகத்தைக் காப்பாற்றப் போவதில்லை. அந்த வண்டியில் ஆறு சிலிண்டரும் அந்த இரண்டு கார்புரேட்டரும்தான் விஷயம். அவை போனால் மீதி இருப்பது அழகான தகடு.

அதற்காக எதையுமே தொடாதே என்று சொல்லவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட பாகத்தில் பழமை பார்ப்பது முட்டாள்தனம். டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வருடம் ஆகிவிட்டால் மாற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். அவற்றை இதற்கென்று வரும் புதிய குழாய்களாக மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். துரு பிடித்த தரைத் தகட்டை வெட்டிப் புதிய தகடு ஒட்ட வேண்டும், மேலே பட்டி பூசி மறைக்கக் கூடாது. இவை எல்லாம் திருத்தம். வெடித்த டேஷ்போர்டும் நமத்த அட்டையும் யார் உயிரையும் வாங்கப் போவதில்லை. அவற்றை விட்டிருக்கலாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றியதை ஒரு பெட்டியில் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கலாம்.

இதையெல்லாம் சந்தைகூடப் புரிந்துகொண்டிருக்கிறது. 2020-ல் அமெரிக்க ஏலம் ஒன்றில் 1971-ஆம் வருடத்து 240 இசட் 3,10,000 டாலருக்குப் போனது. அதிகம் ஓடாத வண்டி. புதிதாக்கிய வண்டி எத்தனை வேண்டுமானாலும் வரும், முதல் நிலையில் இருக்கும் வண்டி ஒருமுறைதான் இருக்கும் என்று வாங்குகிறவர்களுக்கும் தெரிகிறது. நான் விலைக்காகச் சொல்லவில்லை. பணம் பார்க்கும் கண்ணுக்கே தெரிவது, அந்த அட்டையில் எண்களைப் பார்த்துப் பழகிய எனக்குத் தெரியாமல் போனதே என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன்.

"எஞ்ஜினை எடுக்காதேப்பா. மாசத்துக்கு ஒரு தடவையாவது கிளப்பி, எஞ்ஜின் நல்லா சூடாகிற வரைக்கும் ஓட்டு. உன்னால முடியலைன்னா, ஓட்டுறவங்க யாருக்காவது குடுத்துடு. நின்னுக்கிட்டே இருந்தா அது கெட்டுடும்" என்றேன்.

"புதுசாக்கச் சொன்னது நீங்கதானே சித்தப்பா?" என்றான். குறையாகச் சொல்லவில்லை. நினைவாகச் சொன்னான்.

"ஆமா. அது தப்பு. அதனாலதான் இன்னொண்ணும் சொல்றேன். அப்பாவோட நோட்டு எங்க இருக்கு?"

நோட்டு இருந்தது. வண்டியோடு பட்டறைக்குப் போகாமல் தப்பித்தது அண்ணியால். சமையலறை மேசை டிராயரில், மின்சார பில்களோடு வைத்திருந்தார்களாம். கடைசிப் பதிவு 2011 மார்ச், அண்ணன் கையெழுத்தில்.

அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, 2013 முதல் 2015 வரை நடந்த வேலையை அவன் கையாலேயே எழுதச் சொன்னேன். எந்தப் பாகம் எடுக்கப்பட்டது, எது புதிதாக வைக்கப்பட்டது, எந்தத் தகடு வெட்டப்பட்டது, பெட்டியின் அட்டை தூக்கி எறியப்பட்டது என்பது உட்பட. கடைசியில் 'ஆலோசனை சொன்னவர்: சித்தப்பா' என்றும் எழுதச் சொன்னேன். சிரித்தான். "நிஜமாவா?" என்றான். "நிஜமாத்தான். அடுத்த தடவை வரும்போது நான் பக்கத்துல சுருக்கொப்பம் போடறேன்" என்றேன்.

"சரி, யோசிக்கிறேன் சித்தப்பா" என்றான். எஞ்ஜினைப் பற்றிச் சொன்னானா, நோட்டைப் பற்றிச் சொன்னானா தெரியவில்லை. முடிவு அவனுடையது. வண்டி அவனுடையது.

இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டிலும் அப்பாவின் தையல் மெஷினோ, மாமனாரின் ஸ்கூட்டரோ, சுவர்க் கடிகாரமோ இருக்கும். பிள்ளைகள் வந்து "புதுசாக்கிடலாமா?" என்று கேட்பார்கள். ஆசையோடுதான் கேட்பார்கள். பதில் சொல்வதற்கு முன் அதன் மூடியைத் திறந்து, உட்புறத்தில் யாராவது பென்சிலால் ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.